மிளகுக் கரை (12): யூதத் தெருவும் அதன் அயலாரும்

கொச்சி மட்டாஞ்சேரியில் காயலை ஒட்டிக் கிடக்கும் யூதத் தெரு, சில நிமிடங்களில் நடந்து முடித்துவிடக்கூடிய சிறிய தெரு. ஒரு முனையில் பரதேசி யூதர்களின் ஜெப ஆலயம். அதன் சுவரை ஒட்டிக் கொச்சி ராஜாவின் பழைய அரண்மனை. அரண்மனை வளாகத்துக்குள் பழையனூர் பகவதி கோயில். நடைதூரத்தில் கொச்சங்காடி, அங்கே செப்புக்கூரை வேய்ந்த செம்பிட்டபள்ளி என்னும் பள்ளிவாசல். நானூறு ஆண்டுகளாக யூதரும் முஸ்லிம்களும் இவ்வளவு நெருக்கத்தில் குடியிருந்த இடங்கள் இந்தியாவில் வெகுசிலவே. அந்த நெருக்கம் இந்தத் தெருவில் தொடங்கியதும் அல்ல. அதன் வேர் எழுநூறு ஆண்டுகள் பின்னால், கொல்லத்தில் இருக்கிறது.

தென்தமிழகத்தின் குருவிகுளம், சங்கரன்கோவில் பக்கத்துச் சரக்கு மேற்குக் கடலுக்குப் போக வேண்டுமானால் வழி செங்கோட்டைதான். ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து இறங்கினால் கொல்லம் துறைமுகம். 1904-இல் இந்தத் தடத்தில் ரயில் ஓடத் தொடங்குவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பொதிமாடுகளும் தலைச்சுமைக்காரர்களும் நடந்த வழி அது. அந்தக் கொல்லத்தில் கி.பி. 849-இல், சேர மன்னன் தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் ஒரு செப்பேடு வெட்டிக் கொடுத்தார். மருவான் சபீர் ஈசோ என்னும் கிறிஸ்தவ வணிகர் எழுப்பிய தேவாலயத்துக்கான கொடை அது. தரிசாப்பள்ளிச் செப்பேடு என்று வரலாற்றில் பெயர்பெற்றது.

வட்டெழுத்தில் பொறித்த அந்த ஏட்டில் நிலம், அதில் உழைக்கும் ஈழவர், வண்ணார் குடும்பங்கள், சுங்கம் தண்டும் உரிமை, எடைக்கோலை வைத்துக்கொள்ளும் உரிமை எல்லாம் வரிசையாக வருகின்றன. கொடையைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்னும் இரண்டு வணிகக் குழுக்களுக்கு. வியப்பு கடைசி ஏட்டில்தான். அங்கே 25 சாட்சிகள் கையெழுத்திட்டிருக்கிறார்கள்: 11 பேர் கூஃபி எழுத்தில் அரபியில், 10 பேர் பஹ்லவி எழுத்தில் பாரசீகத்தில், 4 பேர் எபிரேய எழுத்தில் பாரசீக மொழியில். முஸ்லிம்களும் யூதர்களும் பார்சிகளும் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் சொத்துக்குச் சாட்சி நின்றிருக்கிறார்கள், அதுவும் ஓர் இந்து ஆட்சியாளர் முன்னிலையில். இதை நல்லெண்ணத்தின் அடையாளமாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். ஒரே பருவக்காற்றில் வந்து இறங்கி, ஒரே கிட்டங்கியில் மிளகு ஏற்றி, அடுத்த காற்றுக்காக மாதக்கணக்கில் ஒரே துறையில் காத்திருந்தவர்கள் இவர்கள். ஒருவர் சொத்துக்கு மற்றவர் சாட்சியில்லாமல் அந்தத் துறையில் யாருக்கும் பிழைப்பு இல்லை.

அஞ்சுவண்ணம் என்பதை யூதர்களின் குழு என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். மேற்காசியாவிலிருந்து வந்த யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம், பார்சி எல்லோரையும் உள்ளடக்கிய வணிகர் அமைப்பு அது என்பதைக் கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலு விரிவாக எடுத்துக்காட்டினார். சோழமண்டலக் கரையில், தொண்டிக்கு அருகிலுள்ள தீத்தாண்டதானபுரத்தின் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டிலும் அஞ்சுவண்ணம் வருகிறது. ஆக, யூதரையும் அரபியரையும் ஒரே தெருவில் குடிவைத்த ஏற்பாடு மேற்குக் கரையோடு நின்றுவிடவில்லை. பாண்டிய நாட்டுத் துறைகளிலும் அதன் கிளை இருந்தது.

செப்பேடு வெட்டிய இரண்டே ஆண்டுகளில், 851-இல் தொகுத்த ஓர் அரபி நூல் கொல்லத்தைக் கூலம் மலி என்று குறிப்பிட்டு, சீனக் கப்பல்கள் அங்கே 1,000 திர்ஹம் கட்ட வேண்டியிருந்ததைப் பதிவு செய்தது. ஏறத்தாழ 1170-ஐ ஒட்டிய காலத்தில் ஸ்பெயின் நாட்டு யூதப் பயணி துதேலா ஊர் பெஞ்சமின் எழுதிய குறிப்பு இன்னும் பயனுள்ளது. கப்பல் வந்ததும் அரசனின் கணக்கர்கள் ஏறி வணிகர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு போவார்கள். அதன்பின் அந்த வணிகர்களின் உடைமைக்கு அரசனே பொறுப்பு. சரக்கை வெட்டவெளியில் காவலின்றிப் போட்டுவிட்டுப் போகலாம். இந்த வாக்குறுதிதான் கூட்டு வாழ்வின் அஸ்திவாரம். உள்ளூர் ஆட்சியாளர் எல்லோருக்கும் ஒரே பாதுகாப்பைக் கொடுத்தவரை, யூதருக்கும் அரபியருக்கும் ஒருவரையொருவர் அஞ்சக் காரணம் இருக்கவில்லை.

அதே நூற்றாண்டில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்னும் யூத வணிகரின் கடிதங்கள் இந்தக் கூட்டு வாழ்வின் உட்புறத்தைக் காட்டுகின்றன. துனிசியாவின் மஹ்தியாவைச் சேர்ந்த அவர் 1132 முதல் 1149 வரை பெரும்பாலும் மங்களூர்ப் பக்கத்தில் இருந்து, வெண்கலப் பட்டறை நடத்தினார்; மிளகும் பாக்கும் ஏற்றுமதி செய்தார். அவருடைய கடிதங்கள் அரபி மொழியில், எபிரேய எழுத்தில் எழுதியவை. கெய்ரோவின் பழைய ஜெப ஆலயம் ஒன்றின் காகித அறையில் எட்டு நூற்றாண்டு கிடந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிச்சத்துக்கு வந்தன. அவருடைய கூட்டாளிகளில் யூதரும் உண்டு, முஸ்லிமும் உண்டு, உள்ளூர் இந்துக்களும் உண்டு. வீட்டில் ஆஷு என்னும் உள்ளூர்ப் பெண். அடிமையாக இருந்த அவருக்கு 1132 அக்டோபரில் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். அந்த வீட்டில் மதமும் மொழியும் சாதியும் எப்படிக் கலந்திருந்தன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அக்காலத்து யூதர்களின் தலைமையிடம் கொடுங்கல்லூர். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ கி.பி. 1000-இல் ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் கொடுத்த செப்பேடு இன்றும் மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்தில் இருக்கிறது. பல்லக்கு, குடை, பகல்விளக்கு, முரசு என உயர்குடி விருதுகளோடு வரிவிலக்கும் அதில் அடக்கம். அதே ஊரில்தான் இந்தியாவின் முதல் பள்ளிவாசல் என்று மரபு போற்றும் சேரமான் பள்ளியும் நிற்கிறது. 1340-களில் கோழிக்கோட்டிலிருந்து ஆற்றுவழியே கொல்லத்துக்குப் போன இப்னு பதூதா, வழியில் ஒரு குன்றின்மேல் யூதர்கள் தங்களுக்கென ஒரு தலைவனோடு வாழ்ந்ததையும், அவர்கள் கொல்லத்து அரசனுக்கு வரி கட்டியதையும் எழுதியிருக்கிறார். மொராக்கோவிலிருந்து வந்த முஸ்லிம் நீதிபதிக்கு அது ஒரு வழிப்பயணச் செய்தி, அவ்வளவே.

1341-இல் பெரியாற்றில் பெருவெள்ளம். கொடுங்கல்லூர்த் துறை மணல்மேடிட்டது. தெற்கே கொச்சியின் கழிமுகம் ஆழமானது. வணிகர்கள் மெல்ல மெல்லக் கொச்சிக்கு இடம்பெயர்ந்தார்கள். கொச்சங்காடியில் 1344-இல் யூதர்கள் ஜெப ஆலயம் கட்டியதற்கான கல்லெழுத்து இன்று பரதேசி ஆலயச் சுவரில் பதித்திருக்கிறது. முஸ்லிம் வணிகர்களும் அதே கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் நயினா குடும்பத்தார் தங்கள் பூர்வீகம் காயல்பட்டினம் என்று சொல்பவர்கள். தாமிரவருணி முகத்துவாரத்தில் முத்தும் குதிரையும் விற்ற மரக்காயர் மரபு மட்டாஞ்சேரியின் மிளகுக் கிட்டங்கிகளோடு இப்படித்தான் இணைந்தது. செம்பிட்டபள்ளியின் வரலாற்றிலும் நயினாக்களுக்குப் பங்குண்டு.

1498-இல் வாஸ்கோ ட காமா வந்தபின், எல்லோருக்கும் ஒரே பாதுகாப்பு என்ற அந்த அஸ்திவாரம் ஆடத் தொடங்கியது. போர்த்துகீசியர் கேட்டது மிளகில் பங்கு அல்ல, மிளகு முழுவதும். தங்கள் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பலைக் கடலில் மறித்துச் சூறையாடினார்கள். கொச்சியில் அவர்களோடு முதலில் ஒத்துப்போன மரக்காயர்களே 1520-களில் கசந்து கோழிக்கோட்டுச் சாமூதிரி பக்கம் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் பொதுவான பாதுகாப்பு மறைந்து, யார் யார் பக்கம் என்ற கேள்வி துறைமுகங்களில் எழுந்தது.

அந்தச் சூழலில்தான் 1524-இல் கொடுங்கல்லூர்க் கலகம் மூண்டது. அதைப் பற்றி அரபியில் எழுதியவர் பொன்னானி அறிஞர் சைனுத்தீன் மக்தூம். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய ‘துஹ்பத்துல் முஜாஹிதீன்’ நூலில், தம் சமூகத்தார் செய்ததை அவர் மறைக்கவில்லை. ஒரு தகராறில் யூதர்கள் முஸ்லிம் ஒருவரைக் கொன்றார்கள் என்றும், அதற்குப் பழிவாங்க வேறு ஊர்களின் முஸ்லிம்கள் படகுகளில் திரண்டு வந்து யூதர்களை வெட்டி, வீடுகளையும் ஜெப ஆலயங்களையும் எரித்தார்கள் என்றும் அது சொல்கிறது. உள்ளூர் அயலாரின் சண்டையில் தொடங்கியதை வெளியூரார் வந்து முடித்துவைத்த கொடுமை இது. அடுத்து வந்த சில பத்தாண்டுகளில் போர்த்துகீசியரின் மதக் கெடுபிடி எஞ்சிய யூதர்களையும் விரட்டியது. ஐந்து நூற்றாண்டுக்கு மேற்பட்ட கொடுங்கல்லூர் யூத வாழ்வு அத்தோடு முடிந்தது.

ஓடிவந்தவர்களுக்குக் கொச்சி ராஜா தம் அரண்மனைக்கு அடுத்த நிலத்தைக் கொடுத்தார். 1567-இல் யூதத் தெரு உருவானது. 1568-இல் பரதேசி ஜெப ஆலயம் எழுந்தது. போர்த்துகீசியரின் கோட்டை கூப்பிடு தூரத்தில் இருக்க, இந்நிலத்தை அரண்மனைச் சுவரோடு ஒட்டிக் கொடுத்தது தற்செயலாக இருக்க முடியாது. யூதர்மேல் கைவைக்க வருபவன் ராஜாவின் வாசலைக் கடந்தே வர வேண்டும். 1662-இல் டச்சுக்காரருக்கு உதவியதாகச் சொல்லிப் போர்த்துகீசியர் அந்த ஆலயத்தைத் தாக்கினார்கள். மறு ஆண்டு கொச்சி டச்சுக்காரர் கைக்கு வந்தது. 1664-இல் ஆலயம் மீண்டும் எழுந்தது.

டச்சுக் காலம் பரதேசிகளின் செழிப்புக் காலம். பரதேசி என்ற பெயருக்கேற்ப இவர்கள் ஸ்பெயின், துருக்கி, சிரியா, பாக்தாத் பக்கங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். அவர்களில் பெரும்பெயர் பெற்றது ரஹாபி குடும்பம். 1646-இல் சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்தது. அந்தக் குடும்பத்து எசக்கியேல் ரஹாபி (1694–1771) அரை நூற்றாண்டுக் காலம் டச்சுக் கம்பெனியின் மலபார்த் தலைமை வணிகர். 1760-இல் எழுந்த மணிக்கூண்டும், அடுத்த இரண்டாண்டில் ஆலயத்தின் தரையில் பதித்த நீல வெள்ளைச் சீன ஓடுகளும் அவர் ஏற்பாடு. கூண்டின் கடிகார முகங்களில் எபிரேய, ரோமன், மலையாள எண்கள் இருக்கின்றன. தெருவில் வருபவர் எவராயினும் அவரவர் எண்ணில் மணி பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளூர்ப் பழக்கம் ஆலயத்துக்குள்ளும் நுழைந்திருந்தது. கொச்சி யூதர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஜெப ஆலயத்துக்குள் போவார்கள். ஐரோப்பிய யூதர்களுக்கு இது புதிது. மட்டாஞ்சேரியில் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவர்களுக்கோ இயல்பு. பெண்கள் கல்யாணத்திலும் பண்டிகையிலும் மலையாளத்தில் பாடினார்கள். பாடல்களை நோட்டுப் புத்தகங்களில் எழுதித் தாயிடமிருந்து மகளுக்குக் கைமாற்றினார்கள். யூத விதியும் இஸ்லாமிய விதியும் பன்றியை விலக்குபவை, இரத்தத்தை வடித்து அறுக்கச் சொல்பவை. ஆகவே இரு வீட்டார் சமையலிலும் சில முக்கிய விலக்குகள் ஒன்றாகவே இருந்தன.

எல்லாவற்றையும்விட நெகிழ வைப்பது நெஹேமியா மோத்தாவின் கல்லறை. ஏமனிலிருந்து வந்த யூதக் கவிஞர், மறைஞானி. 1615-இல் கொச்சியில் காலமானார். சுற்றிலும் வீடுகள் நெருக்கிய மூலையில் அந்த ஒற்றைக் கல்லறை இன்றும் இருக்கிறது. அங்கே யூதர் மட்டுமா மெழுகுவத்தி ஏற்றினார்கள்? முஸ்லிம், கிறிஸ்தவர், இந்து எல்லோரும் வந்து நேர்ச்சை வைத்தார்கள். நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் தமிழர்கள் செய்வதைத்தான் மட்டாஞ்சேரிக்காரர்கள் இந்த யூத ஞானியிடம் செய்தார்கள். அரபு மண்ணில் பிறந்த யூதரின் கல்லறைக்கு முஸ்லிம் பெண்கள் விளக்கேற்றிய இந்த வழக்கத்தை எந்த ஆட்சியும் ஆணையிட்டு உண்டாக்கவில்லை.

வடக்கே, கொச்சி அமைச்சர் பாலியத்து அச்சன் குடும்பம் ஆண்ட சேந்தமங்கலத்திலும் ஜெப ஆலயம், பள்ளிவாசல், தேவாலயம், கோயில் நான்கும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. அங்குள்ள ஆலய முற்றத்தில் 1269-ஆம் ஆண்டின் எபிரேயக் கல்லறைக் கல் ஒன்று உண்டு. இஸ்ரவேலின் மகள் சாரா என்னும் பெண்ணுக்குரியது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லறைக் கற்களில் மிகப் பழையது அதுவே.

யூதத் தெரு அயலாரோடு சமாதானமாக இருந்தது. தனக்குள் அப்படி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொடுங்கல்லூர்க் காலத்திலிருந்தே இருந்த மலபாரி யூதர்களைப் பரதேசிகள் தாழ்வாகப் பார்த்தார்கள். அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்தோருக்குப் பரதேசி ஆலயத்தில் இருக்கை கிடையாது, சடங்குகளில் முழு உரிமை கிடையாது, கல்லறைகூடத் தனி. இந்தியச் சாதியமைப்பு யூத உடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதை எதிர்த்து நின்றவர் வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967). காந்தியின் வழியில் ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். ‘யூத காந்தி’ என்று பெயர் பெற்றார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஆனாலும் 1950-இல் அவர் மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது திருமணம் பம்பாயில்தான் நடக்க முடிந்தது. இதே பிரிவினையை அனுபவித்து வளர்ந்த ரூபி டேனியல், இரண்டாம் உலகப் போரில் கடற்படையின் பெண்கள் பிரிவில் பணியாற்றியவர். 1995-இல் வெளியான அவருடைய நினைவு நூல் அந்தத் தெருவின் உள்வாழ்வைப் பதிவு செய்திருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் கட்ச் பகுதியிலிருந்து வந்த மேமன் முஸ்லிம்கள் மட்டாஞ்சேரியின் அரிசி, மசாலா வணிகத்தில் ஓங்கினார்கள். குஜராத்திகள், கொங்கணிகள், தமிழ்ச் செட்டியார்கள், டச்சுக் காலத்தில் குடியேறிய தமிழ் வண்ணார்கள் என்று இந்தச் சிறு நிலப்பரப்பு நிரம்பியது. 1957-இல் யூதத் தெருவிலேயே மிளகு முன்பேரச் சந்தை தொடங்கியது.

அதற்குள் தெரு காலியாகத் தொடங்கிவிட்டது. 1948-இல் இஸ்ரேல் உருவானபோது கொச்சி யூதர்கள் ஏறத்தாழ 2,400 பேர். அப்போது உலகின் மற்றக் கடற்கரைகளில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். யாஃபாவிலும் ஹைஃபாவிலும் அரபியர் குடியிருப்புகள் அந்த ஆண்டுப் போரில் ஏறக்குறைய வெறுமையாயின. ரஹாபிகளின் பூர்வீகமான அலெப்போவில் 1947 டிசம்பரில் ஜெப ஆலயங்கள் எரிந்தன. பாக்தாதிலிருந்து 1950–51-இல் லட்சத்துக்கு மேற்பட்ட யூதர்கள் விமானமேறினார்கள். மட்டாஞ்சேரியில் ஒரு கதவும் உடையவில்லை. கொச்சி யூதர்களை யாரும் விரட்டவில்லை. ஜெருசலேமைப் பற்றித் தலைமுறை தலைமுறையாக ஜெபித்த ஏக்கம் ஒருபுறம், மலபாரி யூதர்களின் வறுமை மறுபுறம். இரண்டும் சேர்ந்து அவர்களைக் கப்பலுக்கும் விமானத்துக்கும் கொண்டுபோயின. கொச்சியில் பரவியிருந்த யானைக்கால் நோய்க்கு அஞ்சி இஸ்ரேல் அதிகாரிகள் தயங்கினார்கள். சேலம் அங்கே போய்ப் பேசினார். 1953 முதல் 1955 வரை பெரும்பாலோர் புறப்பட்டுவிட்டார்கள். நெகேவ் பாலைவனத்தின் நெவாத்திம், ஜெருசலேம் மலைப்பகுதியின் மெசிலாத் சியோன், தாவோஸ் ஆகிய விவசாயக் குடியிருப்புகளில் அமர்ந்தார்கள். தென்னையும் காயலும் பார்த்தவர்கள் வறண்ட நிலத்தில் பூவும் காய்கறியும் பயிரிடக் கற்றுக்கொண்டார்கள்.

பரதேசிகள் இன்னும் சில காலம் தங்கினார்கள். 1968 டிசம்பரில் ஆலயத்தின் 400-ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், தபால்தலை வெளியானது. அதன்பின் இளையோர் ஒவ்வொருவராகப் போக, முதியோர் எஞ்சினார்கள். அவர்களில் சாரா கோஹன் தெருவில் கைத்தையல் கடை வைத்திருந்தார். வாசலில் அஞ்சலட்டை விற்க வந்த ஒரு முஸ்லிம் சிறுவனுக்குத் தம் வீட்டில் சரக்கு வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார். பிள்ளையில்லாத சாராவுக்கும் அவர் கணவருக்கும் அந்தச் சிறுவரே மகன்போல் ஆனார். சாரா விதவையான பின் அவரைக் கவனித்துக்கொண்டதும், யூதர்களின் ஜெபத் தொப்பிகளும் ரொட்டி மூடும் துணிகளும் தைக்கும் அந்தக் கடையைத் தொடர்ந்து நடத்துவதும் அவர்தான். சாரா 2019 ஆகஸ்டில் 96 வயதில் காலமானார். 2024 ஆகஸ்டில் குவீனி ஹலெகுவாவும் மறைந்தபின், கொச்சியில் பரதேசி யூதர் ஒருவரே எஞ்சினார். எர்ணாகுளம் பக்கம் மலபாரி யூதர் ஒருசிலர் இருக்கிறார்கள். அங்குள்ள கடவும்பாகம் ஆலயத்தின் முன்பகுதியில் அவர்களில் ஒருவர் செடிகளும் வண்ணமீன்களும் விற்றுவந்தார்.

யூத வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் கூட வேண்டும். மட்டாஞ்சேரியில் இப்போது வெளிநாட்டுப் பயணிகள் சேர்ந்தால்தான் அந்த எண்ணிக்கை நிறையும். பரவூர், சேந்தமங்கலம் ஆலயங்களைக் கேரள அரசு புதுப்பித்து அருங்காட்சியகங்களாக்கியிருக்கிறது. மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஆலயத்துக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அதன் மரவேலைப்பாடுகள் முன்பே ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. நெடுங்காலம் கேட்பாரற்று நின்ற கட்டடத்தின் ஒரு பகுதி 2019 செப்டம்பர் மழையில் இடிந்து விழுந்தது. தெருவின் வீடுகள் பலவும் இன்று கலைப்பொருள் கடைகள். நடத்துபவர்களில் உள்ளூர் முஸ்லிம்களும் காஷ்மீரிலிருந்து வந்த முஸ்லிம்களும் மிகுதி. கடைப்பலகைகளில் யூதத் தெரு என்ற முகவரி அப்படியே தொடர்கிறது.